பச்சை இல்லாத படம்

பஹாவ் டவுனில் கலர்ப் படம் என்றார்கள்.
தோட்டத்து லாரியில் நின்றுகொண்டே போனோம்.
தலைக்கு நாற்பது காசு, லாரிக்குத் தனி.

முதலில் மணல்.
மஞ்சள் அரைத்துக் கொட்டியது மாதிரி மணல்.
அப்புறம் அவள் முக்காடு, செம்பருத்திச் சிவப்பு.
அப்புறம் வானம்,
வெள்ளைத் துணிக்குப் போடுகிற நீலத்தை
யாரோ பொட்டலத்தோடு கரைத்துவிட்ட வானம்.
எல்லாக் கலரும் இருந்தது
பச்சையைத் தவிர.
நாலு மணிக்கு எழுந்து
பச்சைக்குள் நுழைந்து
உச்சிப்பொழுதில் பச்சையிலிருந்து வெளியே வருகிற எனக்கு
அதுவே போதும், கதைகூட வேண்டாம்.

கதை இங்கிலீசில்.
ஆஸ்பத்திரி டிரசர் அருளப்பன்
திரைக்குப் பக்கத்தில் பெஞ்சு மேல் ஏறித்
தமிழில் சொல்லிக்கொண்டு வந்தார்:
"இவன் ஒட்டகக்காரன். இவள் ராசா மகள்.
இந்தச் சீமையில மழை பெஞ்சு ஏழு வருசம்."

ஏழு வருசம்!
பின்வரிசையில் காத்தாயி கணக்குப் போட்டாள்:
"அப்ப பேர் விழாத நாளே இல்ல.
மாசம் முழுக்கச் சம்பளம்."
"சீவ மரம் வேணுமேடி" என்றது இன்னொரு குரல்.
கொட்டகை சிரித்து அடங்கியபோது
அவன் மணலில் கிடந்தான், உதடு வெடித்து.

அந்நேரம் பார்த்துத் தகரக் கூரையில் பிடித்தது மழை.
டிரசர் வாய் அசைகிறது.
அவள் வாய் அசைகிறது.
தோல்பையைச் சாய்த்து அவனுக்குத் தண்ணீர் விடுகிறாள்,
என் கழுத்தில் ஒழுகுகிறது.
திரையின் மூலையில் ஓர் ஈரம் இறங்கிப்
பாலைவனத்தில் பாதியைக் கறுப்பாக்கியது.

அவள் என்ன சொன்னாள், தெரியாது.
பால் லாரி சூசை
என் காதோரம் குனிந்து என்னவோ கேட்டான்.
அதுவும் கேட்கவில்லை.
படத்தைப் பற்றித்தான் இருக்கும் என்று
தலையை ஆட்டிவைத்தேன்.

மறுநாள் மரமெல்லாம் ஈரம். பெரட்டு இல்லை.
எங்கள் லயத்துக் கதவடியில் சூசையின் அம்மா,
தட்டில் வெற்றிலை பாக்கு, கக்கத்தில் சொட்டும் குடை.
அப்பா என்னைப் பார்த்தார்.
"நீ சரின்னுட்டியாமே?"

இல்லை என்று சொல்லக் காரணம் தேடினேன்.
ஒன்றும் அகப்படவில்லை.
மழையும் விடவில்லை.

மூத்தவனுக்கு ஊசி போடத் தூக்கிப்போன அன்று
டிரசரிடம் கேட்டேன்:
தண்ணி குடுக்கும்போது அவ என்ன சொன்னா?
"யாருக்குத் தெரியும்? ஒரே இரைச்சல்.
நானும் வாய்க்கு வந்ததத்தான் சொன்னேன்."
பஞ்சை நனைத்தார்.
"பையனக் கெட்டியாப் பிடிச்சுக்க."