முந்தைய பக்கம்

குருநகர்ச் சங்கத்தின் வள்ளப் பதிவுக்கு
நான் எழுதிய படிவம் மூன்று பக்கம்.
முதலாவதில் ஆள். இரண்டாவதில் எஞ்சின்.
மூன்றாவதில் எல்லாவற்றையும் ஒருக்கால் காட்டி,
அனுப்பு.

ஒரு பக்கம் தாண்டினால்
சேவையகத்துக்கு ஒன்றும் நினைவில்லை.
ஒவ்வொரு தரமும் புது முகத்தைப் பார்ப்பதுபோல்
ஆர் நீங்கள் என்று நிற்கும்.
அதற்குத்தான் செஷன்:
திறப்பை உங்கள் கையில் தந்துவிட்டு
சாமானை உள்ளே வைத்துப் பூட்டுவது.
இருபத்துநாலு நிமிடம் வைத்திருக்கும்.
அந்தக் கணக்கு என்னுடையதல்ல, வந்தபடி விட்டிருந்தேன்.

எஞ்சின் நம்பர் பார்க்க
எமிலியானுஸ் அண்ணர் சைக்கிளில் இறங்குதுறைக்குப் போனார்.
துருவைச் சுரண்டி, நெருப்புப்பெட்டியில் எழுதி,
வழியில் ஆரோடோ ஐஸ் விலை கதைத்து
வந்து சேர முப்பத்தொரு நிமிடம்.
பக்கம் வெறுமையாய்க் கிடந்தது.
"என்ன பிள்ளை, என்னை மறந்துபோச்சோ உது?"

அன்றிரவு நேரத்தை எட்டு மணித்தியாலம் ஆக்கினேன்.
வள்ளத்தின் பெயரை அவர் மேற்கோள்குறிக்குள் எழுதியிருந்தார்;
அந்தக் குறியே பெட்டியை இடையில் மூடிவிட
பெயர் வெளியே விழுந்து கிடந்தது.
அதையும் திருத்தினேன்.
பிறகு ஒரு வரி, கொஞ்சம் பெருமையோடு:
பெட்டி வெறுமையாய் வந்தால்
முன்பு வைத்ததை எடுத்து நிரப்பு.
இனி ஓர் எழுத்தும் தொலையாது.

செவ்வாய்க்கிழமை வந்தார்.
எல்லாம் தட்டி, மூன்றாம் பக்கம்வரை போய்,
திரும்பி முதலாவதுக்கு வந்தார்.
பங்காளி என்ற பெட்டியில் தானே எழுதிய
மடுத்தீன் கிளறன்ஸ் என்பதை
ஒவ்வோர் எழுத்தாய் அழித்தார்.
அடுத்து. அடுத்து.
கடைசிப் பக்கத்தில் கிளறன்ஸ் இருந்தார்.
போய் அழித்தார். வந்தார். இருந்தார்.
மூன்றாம் தரம் கையை எடுத்துவிட்டு
என்னைப் பாராமல் திரையைப் பார்த்துச் சொன்னார்:
"அழிச்சுப்போட்டன் பிள்ளை.
என்னெண்டு திரும்பத் திரும்ப வாறான்?"

நான் காரணம் கேட்கவில்லை.
படிவத்தில் அதற்குப் பெட்டி இல்லை.
மடுத்தீன் எமிலியானுஸ், மடுத்தீன் கிளறன்ஸ்;
தகப்பன் பெயர் இரண்டிலும் ஒன்றாய் நின்றது,
அவ்வளவுதான் எனக்குத் தெரியும்.

வரியைத் திறந்தேன்.
நான் கேட்டிருந்தது, வெறுமையா என்று.
கேட்டிருக்கவேண்டியது, வந்ததா என்று.
ஒருவரும் தொடாத பெட்டி வேறு,
எழுதி, பார்த்து, அழித்த பெட்டி வேறு.
இரண்டும் திரையில் ஒரே வெள்ளை.
எம்ப்டி இருந்த இடத்தில் இஸ்செட் போட
கால் நிமிடம்கூட ஆகவில்லை.

"இப்ப பாருங்கோ."
அழித்தார். அடுத்து. அடுத்து.
பங்காளிக்கு நேரே ஒரு சின்னக் கோடு.

அனுப்பு என்பதன்மேல் சுட்டி நின்றது.
அழுத்தவில்லை.
கொஞ்ச நேரம் போக
முந்தைய பக்கத்துக்கு எது பொத்தான் என்று
தெரியாதவர்போலக் கேட்டார்.

காட்டினேன்.
எட்டு மணித்தியாலம் இருக்கு அண்ணை என்றேன்.