கேள்விக்குறியின் வயிறு

காலை ஆறே முக்காலுக்கு டெஸ்க்கிலிருந்து போன்.
நான் பாபநாசம் கொள்முதல் நிலையத்தில்,
ஈரப்பதம் இருபத்திரண்டு என்று
திருப்பிவிட்ட குறுவை நெல்லைப்
படமெடுத்துக்கொண்டிருந்தேன்.
'அதை அப்புறம் பாக்கலாம்.
திருக்கருகாவூர் போ. அவ வந்திருக்கா.
அங்க எதுக்கு வருவாங்கன்னு
உனக்குச் சொல்லணுமா?'

சொல்ல வேண்டாம்.
நானும் என் மனைவியும்
நாற்பத்தெட்டு நாள் நெய் வாங்கிப் போனவர்கள்தாம்.
பிள்ளை உண்டாக நெய்,
சுகப்பிரசவத்துக்கு விளக்கெண்ணெய்.
கையில் எது இருக்கிறதென்று பார்த்தால்
பாதிச் செய்தி முடிந்துவிடும்.

வெட்டாற்றில் கலங்கல் தண்ணீர்.
பாலம் தாண்டி வெள்ளை வண்டி,
கண்ணாடியெல்லாம் கறுப்புத் தாள்.
எனக்கு முன்பே மூன்று பேர்.
அம்மாபேட்டை கேபிள்காரன் கேட்டான்:
'வயிறு தெரியுதாண்ணே?'

உள்ளே கேமரா கூடாது.
அர்ச்சனை வரிசையில்
அவளுக்குப் பின்னால் மூன்றாவது ஆளாய் நின்றேன்.
திரையில் பார்த்த உயரம் இல்லை.
குதிகாலில் பிளாஸ்திரி.
குருக்கள் கேட்டார், பெயர்?
'சகாயமேரி.'
நட்சத்திரம்?
'தெரியாதுங்க. வேளாங்கண்ணிக் கொடியேத்தத்துக்கு
மறுநாள் பிறந்தவ.'
ஒரு நொடி விழித்தார்.
பிறகு, 'ஸ்வாமி நட்சத்திரமே இருக்கட்டும்' என்று
மந்திரத்துக்கு நடுவில் அந்தப் பெயரை
அலுங்காமல் இறக்கிவைத்தார்.

வெளியே வந்தாள். கையில் விளக்கெண்ணெய்.
மூன்று கேமராவும் ஒன்றாய் இருமின.
வண்டியின் பின்கதவு திறந்து
ஒரு பெண் இறங்கினாள்:
தொளதொளத்த சுடிதார், கழுத்தில் சிலுவை,
துப்பட்டா ஓரத்தில் வரிசையாய் ஹேர்பின்.
ஐந்து மாதம் இருக்கும்.
பாட்டிலை இரண்டு கையாலும் வாங்கினாள்.
நெற்றிக்குக் குங்குமம் கொண்டுபோன நடிகை
பாதியில் நிறுத்தி
அதை அவள் உள்ளங்கையில் வைத்தாள்.

எடுத்தேன்.
பதினோரு வருடத்தில்
வெளிச்சம் அவ்வளவு சரியாய் விழுந்ததே இல்லை.

'கூட யாரு?'
ஹேர் டிரஸ்ஸர் என்றேன்.
'வெட்டு.'

வெட்டினேன்.
சலூன் பெஞ்சில் உட்கார்ந்து, கட்டைவிரலால்.
தோள் போயிற்று, வயிறு போயிற்று.
மணிக்கட்டு மட்டும் வரமாட்டேன் என்றது.
பாட்டிலை விடாமல் பிடித்திருந்தது.
அதைச் சென்னையில் நிழல் போட்டு மறைத்தார்கள்.

நான் பொய் எழுதவில்லை.
'கர்ப்பமா?' என்றுதான் எழுதினேன்.
அந்தக் குறியை உற்றுப் பாருங்கள்,
பக்கவாட்டில் நிற்கும் நிறைமாதக்காரி மாதிரி
முன்தள்ளிய வயிறு.
காலடியில் ஒரு சொட்டு.
என்ன வேண்டுமானாலும் சுமக்கும் அது.

மறுநாள் மறுப்பு. மறுப்பும் செய்திதான்.
அடுத்த நாள் மறுப்பை மறுக்கிற ஜோதிடர்.
டீக்கடையில் விரல் மடக்கி மாதம் எண்ணினார்கள்.
ஈர நெல் ஏழாம் பக்கத்தில் வந்தது,
ஊர்ப்பெயர் தப்பாக.
தை பிறந்தும் குழந்தையைக் காணோம் என்றதும்
'கலைந்ததா?' என்றொரு தலைப்பு.
அது நான் போட்டதில்லை.
என் மனைவி வாசித்தாள்.
செல்லைக் கவிழ்த்து வைத்துவிட்டு
உலையில் அரிசி போடப் போனாள்.
எங்கள் நெய் டப்பா
இன்னும் மேல்தட்டில்தான் இருக்கிறது.

மாசியில் புது நம்பர்.
'சார், நான் மேரி. அக்காகூட கோயிலுக்கு வந்தேன்ல.'
திட்டு வாங்கத் தயாராய்
வண்டியைப் புளியமரத்தடியில் நிறுத்தினேன்.
'பையன் பொறந்திருக்கான் சார்.
அந்தப் போட்டோ முழுசா இருக்கா?
வயித்தோட எனக்கு வேற போட்டோவே இல்ல.'

இருக்கும்மா, அனுப்புறேன் என்றேன்.
கேள்விக்குறி இல்லாமல்
நான் சொன்ன பொய் அது ஒன்றுதான்.

வீட்டுக்கு வந்து
கார்டைச் சட்டையில் துடைத்துத் துடைத்துச் செருகினேன்.
திருமண மண்டபம், வாழைமரம், சீரியல் பல்பு.
அமைச்சர் காரிலிருந்து இறங்குகிறார்.
அமைச்சர் இறங்குகிறார்.
நூற்றுப் பதினாலு படங்களிலும்
அமைச்சர் இறங்கிக்கொண்டே இருக்கிறார்.