வெளியேற்ற வீதம்

நிர்வாகக் குழு கேட்டது ஒரே கேள்வி:
பட்டியல் ஏன் குறையவில்லை?
சம்பளமில்லாத கணக்கன் நான்.
பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில்
இருபது வருடம் வரிசைகளை அளந்தவன்.
சில்லுப் பலகை எந்த மேசையில் தேங்குகிறது
என்று கண்டுபிடித்தவனுக்கு
இது என்ன பெரிய வேலை என்று
ஒப்புக்கொண்டேன்.

ஜெலுத்தோங்கில் ஒரு கடைவீட்டின் மேல்மாடி.
பன்னிரண்டு இயந்திரம்.
ஓர் ஆளுக்கு நான்கு மணி நேரம்,
கழுவித் துடைக்க நாற்பது நிமிடம்,
விடிகாலை ஐந்தரைக்கு முதல் முறை,
இரவு ஏழுக்குள் கடைசி ஊசியைக் கழற்றுவார்கள்.
திங்கள் புதன் வெள்ளி ஒரு கூட்டம்,
செவ்வாய் வியாழன் சனி இன்னொன்று.
பெருக்கினால் எழுபத்திரண்டு பேர்.
ஞாயிற்றுக்கிழமை இயந்திரங்களுக்கு ஓய்வு,
இரத்தத்துக்கு இல்லை.

கீழே கோப்பிக் கடையில்
கூட வந்தவர்கள் ஒரே தே ஓவை
நான்கு மணி நேரம் குடிப்பார்கள்.
மேலே இருப்பவர்களுக்கு
நாளெல்லாம் அரை லிட்டர்தான் அளவு.

பதின்மூன்றாவது இயந்திரம் ஒன்று உண்டு,
சன்னலோரம், பிளாஸ்டிக் உறை போர்த்தி.
"சும்மாதானே கிடக்கு" என்றார் பொருளாளர் கூ.
மார்ச் மாதம் ஐந்தாம் எண்ணில் பம்பு நின்றபோது
ரொஸ்லானின் கையில் குழாய் இருந்தது.
மிஸ்ஸி தவமலர் அந்த உறையைக் கிழித்த வேகத்தை
எந்தத் தொழிற்சாலையிலும் நான் அளந்ததில்லை.
சும்மா இருப்பதும் ஒரு வேலை என்று
அறிக்கையில் எழுத முடியாது.
'இருப்புத் திறன்' என்று எழுதினேன்.

பிறகு காத்திருப்பு.
பட்டியலில் முப்பத்தெட்டுப் பேர்.
சென்ற ஆண்டு காலியானது பத்தொன்பது இடம்.
வகுத்தால் இரண்டு ஆண்டு.
அதுவரை தனியாரில்,
ஒரு முறைக்கு இருநூற்றைம்பது வெள்ளி,
வாரத்துக்கு மூன்று முறை.
நகையில் தொடங்கி, வேனை விற்று,
வீட்டில் போய் முடிகிற கணக்கு அது.
என் அட்டவணையில் அதற்குக் கட்டம் இல்லை.

சூத்திரம் எளிது. அது சொன்னபடி எழுதினேன்:
'வெளியேற்ற வீதம் கூடினால்
காத்திருக்கும் காலம் குறையும்.'
சில்லுப் பலகைக்கு இதைவிட
உண்மையான வாக்கியம் கிடையாது.
அந்தப் பத்தொன்பதைத் திறந்து பார்த்தேன்.
ஒருவருக்குத் தம்பியின் சிறுநீரகம் கிடைத்தது.
இருவர் ஈப்போவுக்கு மாறிப் போனார்கள்.
மிச்சம் பதினாறு.
வாக்கியத்தை அழித்தேன்.
சூத்திரம் அழியவில்லை.

நான்காவது முறை ஒன்று, இரவு எட்டு முதல் நள்ளிரவு வரை.
இருபத்து நான்கு இடம் உண்டாகும்,
எவரும் போகாமலே.
வேண்டியது நான்கு மிஸ்ஸிகள், ஒரு வேன்,
தண்ணீருக்குப் புது வடிகட்டி.
பதினான்கு பக்கம் எழுதிக் கொடுத்தேன்.
குழு நன்றி சொன்னது.
அடுத்த கூட்டம் சீனப் புத்தாண்டு கழித்து.

வியாழன்தோறும் காலை பத்து மணிக்கு
ஆயர் ஈத்தாமிலிருந்து புனிதவல்லி அழைப்பார்.
"நான் எத்தனையாவது, சார்?"
போன வாரம் ஏழு.
இந்த வாரம் "ஆறு" என்றேன்.
"ஆறா!" என்று சிரித்தது குரல்.
கொஞ்ச நேரம் அந்தப் பக்கம்
மின்விசிறிச் சத்தம் மட்டும்.
பிறகு மெதுவாக, "யாரு?"
பெயர் சொல்லக்கூடாது என்பது விதி.
விதி இருந்ததால் பிழைத்தேன்.
"சரி, பசியாறிட்டீங்களா?" என்றார்.
"ஆச்சு" என்றேன். ஆகவில்லை.

மறுநாள் விடிகாலை போனேன்.
எட்டாம் நாற்காலிக்குப் புதியவர்,
சொந்தத் தலையணையோடு.
நாற்காலி இன்னும் முன்னவர் உயரத்துக்குச்
சாய்ந்தே இருந்தது.
தவமலர் குனிந்து, திருகி, நிமிர்த்தினார்.
பதினொரு விநாடி.
பழக்கதோஷம், எண்ணிவிட்டேன்.