குறுக்குக் கம்பி

கெம்பம்மாள் முந்தானையில் முடிந்துகொண்டு வந்தது
காசில்லை.
தருமபுரி ஷெட்டு வாசலில் அவிழ்த்துக் கொட்டினாள்:
புளியங்கொட்டை அளவில் மூன்று கரித்துண்டு.
‘உங்க வண்டி துப்பினது.
ரெண்டு பாரம் ராகித் தாளு போச்சு.
சித்திரை வரைக்கும் மாடு தின்னிருக்கும்.’

ஒன்றை நகத்தால் கீறினேன்.
மேலே சாம்பல்.
உள்ளே கறுப்பு, வேகாத பருப்பு மாதிரி.
இதை நெருப்பில் உட்காரவே விடாமல்
எவனோ பிடித்து இழுத்திருக்கிறான்.

‘எந்த வண்டி?’
‘விடியக்காலை, ஓசூர் போறது.’
ஓட்டுவது செபஸ்தியான்.
கரி தள்ளுவது திம்மராயன்.

இரவு, சூடு கொஞ்சம் தணிந்ததும்
புகைப்பெட்டிக் கதவைத் திறந்து
கரித்தூளில் தவழ்ந்து போனேன்.
அரிக்கேனைத் தூக்கினால்
ஊதுகுழாய் வாயில், குறுக்கே,
சுண்டுவிரல் கனத்தில் ஒரு கம்பி.
இரண்டு முனையும் வளைத்துக் கவ்வவிட்டிருந்தது.
நல்ல வேலை.
நானே செய்திருந்தாலும் இப்படித்தான் செய்திருப்பேன்.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்.
எஞ்சினுக்கு மூக்கு கிடையாது.
பிஸ்டனைத் தள்ளி முடித்த ஆவி
புகைபோக்கி வழியாக வெளியே பாயும்போது
அது விட்டுப்போன இடத்துக்குத்தான்
நெருப்பின் வழியாகக் காற்று ஓடிவரும்.
விட்டால்தான் இழுக்கும்.
விடுகிற வாயைக் கொஞ்சம் சுருக்கு,
அடுப்பு வெள்ளையாய் எரியும், முள் ஏறும்.
இன்னும் சுருக்கு,
வெளியேற முடியாத ஆவி
பிஸ்டன் முதுகிலேயே ஏறி உட்காரும்.
நெருப்பு எழுந்து நின்று
பாதி வெந்த கரியையும் கூட்டிக்கொண்டு
வானத்துக்கு ஓடும்.
யார் போரில் இறங்கலாம் என்று
யாரையும் கேட்காது.

கம்பியைக் கழற்றினேன்.
ரிஜிஸ்டரில்
‘ஊதுகுழாய் வாய் சுத்தம் செய்யப்பட்டது’ என்றேன்.
பொய்யில்லை.

மறுநாள் இராயக்கோட்டை மேட்டில்
வண்டி நின்றுவிட்டது.
சந்தைக்காரர்கள் இறங்கி
கூடையைத் தலைக்கேற்றிக்கொண்டு
எஞ்சினைத் தாண்டி நடந்தார்களாம்.
ஒரு வெள்ளாடு நின்று
செபஸ்தியானைப் பார்த்துக் கத்தியதாம்.

திம்மராயன் ராத்திரி வந்தான்.
உள்ளங்கையை விரித்தான். கொப்புளம், கொப்புளத்தின் மேல் கொப்புளம்.
‘கரியா குடுக்கறாங்க?
மண்ணை எரிக்கச் சொன்னா
நான் என்ன பண்றது?’
கம்பியைப் பற்றி அவன் பேசவில்லை,
நானும் பேசவில்லை.
அது பட்டறை மேசையில்
எங்கள் இருவருக்கும் நடுவே கிடந்தது.

அவன் போனபின் கிடுக்கியில் இறுக்கி
அரம் போட்டேன்.
எங்கே நிறுத்துவது?
மேட்டுக்கு ஒரு கனம், இறக்கத்துக்கு ஒரு கனம்,
இன்றைய கரிக்கு ஒன்று,
நாளை வரும் மண்ணுக்கு இன்னொன்று.
கம்பெனி அனுப்பிய படத்தில் கம்பியே இல்லை.
சிலேட்டுக் குச்சி கனம் வந்ததும்
கை நின்றது. ஏன் என்று கேட்காதீர்கள்.
மாட்டினேன்.
பொறி தடுக்கும் வலையில் கை நுழையும் கிழிசல்;
அதையும் தைத்தேன்.
ரிஜிஸ்டரைத் திறக்கவில்லை.

மூன்றாம் நாள் வண்டி மேடேறியது,
நான்கு நிமிஷம் தாமதமாக.

கெம்பம்மாளுக்கு நஷ்டஈட்டு மனு எழுதிக்கொடுக்க உட்கார்ந்தேன்.
பெயர், ஊர், பாரம் எத்தனை,
எல்லாம் நிரம்பியது.
‘காரணம்’ என்ற இடத்தில் பேனா நின்றது.
என் விரலிடுக்கில் இருந்த இரும்புத்தூளை
அவள் பார்த்துக்கொண்டிருந்தாள்.
‘காத்துன்னு போடுங்க’ என்றாள்.
போட்டேன்.
அதுவும் பொய்யில்லை.

பெருவிரல் ரேகை வைத்தாள்.
மையைத் தலைமயிரில் துடைத்தாள்.
பிறகு சாட்சிக்கு வைத்திருந்த மூன்று கரியில்
இரண்டை எடுத்து
மறுபடி முந்தானையில் முடிந்தாள்.

‘இன்னும் எரியும் இது.’