பதினொன்று நாற்பது

டகோட்டாவில் பிப்ரவரி.
கட்டணக் குழுவுக்கு ஒன்பது நாற்காலி,
ஆறிப்போன பீட்சா.
எழுபத்து மூன்றாம் பக்கத்தில்
நின்றுவிட்டாள் மாரிட் ட்வேட்டன்.

“இரவுப் பேருந்துக்குத் தலைக்குப் பதினொரு டாலர் நாற்பது.
அந்தப் பேருந்து நின்று
நான்கு வருடமாகிறதே?”

நிதி அலுவலகத்து ஆள்
மூக்குக் கண்ணாடியைத் துடைத்தார்.
“இருப்பு நிதியில் இருக்கிறது.”
இருக்கிறதா?
“இருந்தது.”

ஒரு வினைச்சொல்லுக்குக் காலம் மாறியதைக்
குறிப்பேட்டில் எழுதவில்லை யாரும்.

ஐந்துக்கு நான்கு.
கட்டணம் தொடரும்.

நள்ளிரவில் நடந்தே போகிறாள்.
ஆளில்லா மைதானத்தில்
புத்தம்புது ஸ்கோர் பலகை.
அதில் தன்னுடைய பல்பு எதுவென்று
பனியில் நின்று தேடுகிறாள்.

நம் அணி பூஜ்யம்,
வந்த அணி பூஜ்யம்,
குளிர் மைனஸ் இருபத்தாறு.