மஞ்சள் பட்டை

லியபாயாத் துறைமுகத்தில் பனி விழாத பிப்ரவரி.
ஈரம் மட்டும் ஜன்னலில் வழிந்துகொண்டிருந்தது.
மரக்கிடங்கின் மாடியில், கணக்கு மேசையில்
நான், ட்ஸிந்த்ரா,
பத்தொன்பது வருடமாய் பைன் பலகைகளை
கன மீட்டரில் எண்ணுகிறவள்.

காலை 9.47க்கு வந்தது கடிதம், க்டான்ஸ்கிலிருந்து.
"சரக்கு தாமதம். திருத்திய ரசீது இணைப்பில்."
அடியில் ஸ்பிக்னியெவின் பெயர்,
அவர் எப்போதும் போடும் அதே கப்பல் படம்.
தாமதமான சரக்கு ஒன்று
உண்மையிலேயே எங்களுக்கு வரவேண்டியிருந்தது.
பொய் முழுக்கப் பொய்யாக இருந்திருந்தால்
நானும் தப்பித்திருப்பேன்.

திறந்தேன். மங்கலான ஒரு பக்கம்,
தண்ணீரில் ஊறிய எழுத்துகள்.
மேலே ஒரு மஞ்சள் பட்டை:
தெளிவாகக் காண, உள்ளடக்கத்தை இயக்கவும்.
இயக்கினேன்.

எதுவும் நடக்கவில்லை.

கேட்கிறவர்களிடமெல்லாம் இதைத்தான் சொல்கிறேன்.
மணி அடிக்கவில்லை, திரை சிவக்கவில்லை,
பக்கம் மங்கலாகவே இருந்தது.
மூடிவிட்டு டீ போடப் போனேன்.

தண்ணீர் கொதிக்கக் காத்திருந்த நேரத்தில்
அது தனக்கொரு பெயர் வைத்துக்கொண்டது,
பிரிண்டருக்கு உதவுகிற ஏதோ ஒன்றின் பெயரை.
கணினி விழிக்கும்போதெல்லாம் தானும் விழிக்க
ஒரு வரி எழுதிவைத்தது.
எந்த நாட்டிலோ, யாரிடமோ
"வந்துவிட்டேன்" என்றது.
எந்தப் பூட்டையும் அது உடைக்கவில்லை.
அந்தக் கணினிக்கு நான்தான் ராணி,
எதையும் நிறுவலாம், எதையும் அழிக்கலாம்.
என் சாவிக்கொத்து அதற்குப் போதுமாயிருந்தது.

பதினோரு நாள்.
நான் தட்டிய ஒவ்வொரு எழுத்தும் போயிருக்கிறது:
வங்கிக் கடவுச்சொல்,
பல் டாக்டரிடம் கேட்ட நேரம்,
ரீகாவில் படிக்கும் மகனுக்கு எழுதிய "சாப்பிட்டாயா".
கடவுச்சொல்லைத் திருடியதை மன்னித்துவிட்டேன்.
அந்தச் "சாப்பிட்டாயா"வை
இன்னும் முடியவில்லை.

பன்னிரண்டாம் நாள் வங்கியிலிருந்து அழைப்பு.
நாற்பத்தொன்றாயிரம் யூரோ
நான் கேள்விப்படாத ஒரு கணக்குக்கு, என் பெயரால்.
மதியத்துக்குள் கோப்புகள் ஒவ்வொன்றாய்
உள்ளிருந்தே தாழிட்டுக்கொண்டன.

வில்னிஸ் வந்தான்.
நனைந்த கோட்டைக்கூடக் கழற்றாமல்
முதலில் இணைய ஒயரைப் பிடுங்கினான்.
"அணைக்காதே. அதன் நினைவில் இருப்பது எனக்கு வேண்டும்."
பிறகு கேட்டான்:
"அப்டேட்டை எத்தனை முறை தள்ளிப்போட்டாய்?"
பதினான்கு.
பதினான்கு முறையும் "பிறகு நினைவூட்டு" என்றேன்,
பதினான்கு முறையும் அது நினைவூட்டியது.

"மரம் விற்கிறவனுக்கே மரக்குதிரை" என்றார் முதலாளி குன்டார்ஸ்,
"கொல்லன் தெருவிலேயே ஊசி விற்றுவிட்டார்கள்."
சிரிக்கப் பார்த்தார். பாதியில் நின்றது.

இழுப்பறையில் ஒரு டிஸ்க் இருந்தது.
வெள்ளிக்கிழமைதோறும் எல்லாவற்றையும் அதில் நகலெடுத்து
உடனே பிடுங்கி வைத்துவிடுவேன்.
அறிவாளித்தனம் ஒன்றும் இல்லை.
இருப்பது ஒரே பிளக், கால் விறைக்கும்,
ஹீட்டருக்கு வேண்டும்.
பத்தொன்பது வருடக் கணக்கு
என் குளிர்ந்த பாதங்களால் பிழைத்தது.
பணம் பாதிதான் திரும்பிற்று.

இப்போது என் ராணிப் பட்டம் போய்விட்டது.
எதை நிறுவவும் வில்னிஸைக் கூப்பிட வேண்டும்.
பணம் அனுப்ப, போனில் வரும் எண்ணும் வேண்டும்.
மஞ்சள் பட்டையே வராதபடி
எங்கோ உள்ளே அடைத்துவிட்டான்.
வந்தாலும் நான் அதை
ரயில்வே கேட் போலத்தான் பார்ப்பேன்.

நேற்று மறுபடி ஒன்று:
"திருத்திய ரசீது இணைப்பில்."
கடிதத்தில் ஒரு தொலைபேசி எண் இருந்தது, அதைத் தொடவில்லை.
பழைய நோட்டில், பென்சிலில்,
என் கையெழுத்தில் இருந்த எண்ணைச் சுழற்றினேன்.
அந்தப் பக்கம் முதலில் நாய் குரைத்தது.
ஸ்பிக்னியெவ் அதை அதட்டினார், அது கேட்கவில்லை.
குரைத்து முடியும்வரை பொறுத்திருந்தேன்,
அவ்வளவு இனிமையாக இருந்தது.
"எத்தனை கன மீட்டர்?"
"இருநூற்றுப் பதினாறு" என்றார், "ஏன்?"

கடிதத்திலும் அதேதான்.
இருந்தும் மவுஸின் மேல் விரல்
ஒரு மூச்சு நேரம் நின்றது.