அரைப்பேர்

ஹட்டன் பஸ் நிலையத்துக்கு எதிரே
ஆணி விற்கும் கடைக்கு மேல்மாடியில்
ஒரு மொழிக்கு வாசல் கட்டிக்கொண்டிருக்கிறேன்.
சின்ன மொழி. சம்பள விதி எழுத மட்டும்.
பதினெட்டுக் கிலோ கொழுந்துக்கு ஒரு பேர்,
குறைந்தால் அரைப்பேர்,
கூடினால் கிலோவுக்கு இவ்வளவு.
மூன்று தோட்டத்துச் செக்ரோலும் இதில்தான் ஓடுகிறது.

முதல் வடிவத்தைப் போன வருஷம் எழுதினேன்,
கரண்ட் வருவதற்கும் போவதற்கும் இடையில்.
அரைப்பேர் என்ற சொல்லைக் கண்ட கையோடு
அது காசைப் பாதியாக்கிவிடும்.
வாசிக்கிற கண்ணும் வெட்டுகிற கையும்
ஒரே ஆளுக்கு.
வேகமாகத்தான் இருந்தது.

பிறகு ரஞ்சனிதேவி கேட்டாள்:
கூட்டாமல் கழிக்காமல், விதிகளைச் சும்மா
ஒழுங்காக அடுக்கிக் காட்ட முடியுமா?
தொழிற்சங்க அலுவலகத்து ஜோக்கிம் கேட்டார்:
இந்த எண் எந்த வரியிலிருந்து வந்தது,
வந்து கேட்கிறவருக்குக் காட்ட வேண்டும், முடியுமா?
இரண்டு பேருக்கும் இல்லை என்றேன்.
என் நிரலுக்குக் கணக்குப் போடத்தான் தெரியும்,
படிக்கத் தெரியாது.

அதனால் பிரித்தேன்.
எழுத்தைச் சொல்லாக நறுக்குவது ஒன்று.
சொல்லை மரமாக நிறுத்துவது இன்னொன்று.
மரத்தோடு வாசலின் வேலை முடிந்தது;
அதை யார் எடுத்துப்போய் என்ன செய்கிறார்கள் என்று
அதற்குத் தெரியவே கூடாது.
ரூபாய் என்ற சொல் என் கோப்புகள் எதிலும் இல்லை என்று
தேடிப் பார்த்து உறுதிசெய்த இரவில்
கொட்டகலைக்குக் கடைசி பஸ் போய்விட்டிருந்தது.
நடந்தேன்.

லேசில் முடியவில்லை.
கொழுந்து: கண்ணுக்கு நாலெழுத்து,
இயந்திரத்துக்கு எட்டு.
பிழையைச் சுட்ட வேண்டிய சின்ன அம்புக்குறி
நாலு இடம் தள்ளிப் போய்
ஒரு பாவமும் அறியாத காற்புள்ளியின் கீழ் நின்றது.
மூன்று நாள் அதற்கே போனது.

பிழையைக் கண்டால் நிற்கவும் கூடாது என்று வைத்தேன்.
முன்பு ஓர் அடைப்புக்குறி மூடாவிட்டால்
முழுத் தோட்டத்துக்கும் அன்று கணக்கில்லை.
இப்போது உடைந்த விதியை உடைந்ததாகவே வைத்துவிட்டு
அடுத்த முற்றுப்புள்ளியில் கால் ஊன்றி
மேலே படிக்கிறது.

எதையும் எறியாதே.
இதுதான் கடைசியாகச் சேர்த்தது.
வெற்றிடம், வெறும் வரி,
எழுதினவர் தனக்கென்று போட்டுக்கொண்ட குறிப்பு,
எல்லாம் அந்தந்தக் கிளையில் தொங்கட்டும்.
மரத்தை மறுபடி எழுத்தாக்கினால்
ஒரு புள்ளி குறையாமல் பழைய கோப்பே வரவேண்டும்.
பழைய வாசல் குறிப்புகளைக் குப்பையில் போட்டது.
கணக்குக்கு அவை தேவையில்லை, உண்மைதான்.

செவ்வாய்க்கிழமை, சோதனைக்கு,
மூன்று தோட்டத்து விதிகளையும் ஊற்றினேன்.
நாலாயிரத்துச் சொச்சம் வரி. போனதெல்லாம் திரும்பி வந்தது.
ஒன்றில், நாற்பத்தோராம் வரியில்,
தண்ணீர்க் கழிவு, இரண்டு கிலோ.
பக்கத்தில், வாய்க்குள் பேசுகிற மாதிரி:
'வெயில் நாளிலும். கேட்டால் சாக்கு எடை என்று சொல்லவும்.'

எவ்வளவு காலமாக என்று தெரியவில்லை.
என் பழைய நிரல் தினமும் அந்த வரியைக் கடந்து
இரண்டைக் கழித்து
வாக்கியத்தை விழுங்கிவிட்டு நடந்திருக்கிறது.
பத்தொன்பது பறித்தவள் பதினேழுக்கு இறங்கி
எத்தனை பேர் அதில் அரைப்பேர் ஆனார்கள்.

புது வாசல் ஒன்றும் சொல்லவில்லை.
சொல்லாதபடிதான் அதைக் கட்டினேன்.
கிளையில் தொங்குகிறது:
வரி நாற்பத்தொன்று, இடம் பதினாறு,
அம்புக்குறி இப்போது சரியான எழுத்தின் கீழ்.

ஜோக்கிமுக்கான பகுதியை இன்னும் முடிக்கவில்லை.
குறிப்புகளையும் காட்டு என்று அவர் கேட்கவில்லை.
அப்படி ஒன்று இருப்பதே அவருக்குத் தெரியாது.
ஒரே ஒரு வரிதான் வேண்டும்.
குறிப்பைக் காட்டு: ஆம். அல்லது, இல்லை.
கீழே கடையில் யாருக்கோ ஆணி நிறுக்கிறார்கள்.
தட்டு ஆடி நிற்கிற வரைக்கும் இருந்துவிட்டு
ஆம் என்று தட்டினேன்.